பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கா? பதனிக் கலயத்தின் வேகக் கணக்கு

பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "வேதிவினை வேகவியல் பாடத்தில் செறிவு, வெப்பநிலை, பரப்பு, வினையூக்கி என்று காரணிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்றுதான் புரியவில்லை. சூடு பத்து டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்கிறார்கள். எல்லா வினைக்கும் அப்படியா? ஏன் சரியாக இரண்டு?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. எல்லா வினைக்கும் அப்படி இல்லை. சரியாக இரண்டும் இல்லை. இந்தப் பாடம் எந்த வினையிலிருந்து பிறந்ததோ, அந்தச் சர்க்கரை உடையும் வினையே இந்த விதிக்கு அடங்காது. பத்து டிகிரிக்கு அது ஏறத்தாழ நான்கு மடங்கு வேகம் எடுக்கும். நம் பக்கத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரை ஒவ்வொரு பனை உச்சியிலும் அந்த வினை நடக்கப் பார்க்கிறது. அதை நடக்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் பனையேறியின் பாதி வேலை. அதனால் பதனியை வைத்தே சொல்கிறேன். புத்தகத்தில் பதநீர் என்று இருக்கும். நமக்குப் பதனிதான்.

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒரு மே மாதம், திசையன்விளைப் பக்கம் பெரியப்பா வீட்டிலிருந்து பாளையங்கோட்டைக்கு பிளாஸ்டிக் கேனில் பதனி கொண்டுவந்தேன். காலையில் இறக்கியது. "இன்னைக்கு சுண்ணாம்பு கம்மி, உடனே குடிச்சிருங்க" என்று இறக்கினவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மூடியை நன்றாக இறுக்கித் திருகி, பஸ்ஸில் இன்ஜினை ஒட்டிய சீட்டுக்கு அடியில் வைத்தேன். நாங்குநேரி வருவதற்குள் கேன் பலாப்பழம் மாதிரி உப்பிவிட்டது. மூடி தெறித்த சத்தத்தில், டயர் வெடித்துவிட்டது என்று நினைத்து டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். வேட்டி நனைந்த அண்ணாச்சி ஒருவர் பாளை வரும்வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார். பஸ் முழுக்கக் கள் வாடை. வேகவியல் பாடத்தின் அத்தனை காரணிகளும் அன்று அந்தக் கேனுக்குள் இருந்தன என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பதனியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். நூறு மில்லிக்கு ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை. அந்தச் சர்க்கரை சுக்ரோஸ், அதாவது கரும்பில் இருக்கும் அதே சர்க்கரை. சுக்ரோஸ் மூலக்கூறு ஒன்று தண்ணீர் மூலக்கூறு ஒன்றோடு சேர்ந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். அமிலம் இருந்தால் இது வேகமாக நடக்கும். சுக்ரோஸ் கரைசல் வழியாக முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியைச் செலுத்தினால், அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பும். உடைந்த பிறகு உள்ள கலவையோ ஒளியை இடப்பக்கம் திருப்பும். அதனால் இதற்கு வேதியியலில் சர்க்கரையின் 'தலைகீழாக்கம்' என்று பெயர்.

1850-இல் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் இந்த ஒளித் திருப்பத்தை வைத்துக்கொண்டு, அமிலத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக உடைகிறது என்று நேரம் குறித்து அளந்தார். ஒரு வேதிவினையின் வேகத்தைக் கணிதச் சமன்பாடாக எழுதியது அதுதான் முதல் முறை. எந்த நொடியிலும், அந்த நொடியில் மிச்சம் இருக்கும் சர்க்கரையின் அளவுக்கு ஏற்றபடி வேகம் இருக்கிறது என்று அவர் கண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் தூசி தட்டி எடுத்துக் காட்டினார்.

வேகத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள். பையன்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். ஒரு வினை நடக்க விரும்புகிறதா என்பது ஒரு கணக்கு. எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வேறு கணக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பேரேடு. கோவில்பட்டித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன, குச்சி மரம், சுற்றிலும் ஆக்சிஜன். எல்லாம் எரிந்து தீர்ந்துபோகத்தான் முழு விருப்பத்தோடு இருக்கின்றன. ஆற்றல் கணக்குப்படி அது வெறும் இறக்கம். இருந்தும் அந்தப் பெட்டி அடுப்படி மாடத்தில் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்புப் பாஸ்பரஸில் உரசும்போதுதான், அந்த ஒரு புள்ளியில், இறக்கத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டைத் தாண்டும் அளவுக்குச் சூடு பிறக்கிறது. அந்த மேட்டின் உயரம்தான் கிளர்வு ஆற்றல். அந்த மேடு மட்டும் இல்லாவிட்டால் விறகு, காகிதம், உன் தலைமுடி, நீ, நான், எதுவும் இந்தக் காற்றில் இருக்க முடியாது.

வேகம் என்ற கணக்கில் இரண்டே கேள்விகள்தான். மூலக்கூறுகள் எத்தனை தடவை மோதுகின்றன? மோதியதில் எத்தனை, மேட்டைத் தாண்டும் பலத்தோடும் சரியான கோணத்திலும் மோதின? உன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு காரணியும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தொடுகிறது. செறிவும் பரப்பும் முதல் கேள்வி. வெப்பநிலையும் வினையூக்கியும் இரண்டாவது. இதை இப்படி எடுத்துக்கொண்டால் பட்டியலே தேவையில்லை.

செறிவு சுலபம். கூட்டம் கூடினால் இடிபாடு கூடும். ஆனிப் பெருந்திருவிழாத் தேரோட்டத்தன்று நான்கு ரத வீதிகளிலும் நடந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஆனால் செறிவு இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்காகும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதே. அதைத் தீர்மானிப்பது வினைவகை, அதாவது செறிவு மாறும்போது வேகம் எந்தக் கணக்கில் மாறுகிறது என்பது. வினைவகையைச் சமன்பாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சர்க்கரை வினை முதல் வகை. ஒரு மணி நேரத்தில் பாதி உடைந்தால், அடுத்த மணியில் மிச்சம் இருப்பதில் பாதி, அதற்கடுத்த மணியில் அந்த மிச்சத்தில் பாதி. எவ்வளவில் தொடங்கினாலும் பாதியாக ஆகும் நேரம் மாறாது. இங்கே ஒரு கேள்வி வர வேண்டும்: வினையில் தண்ணீரும்தானே சேர்கிறது, அதன் செறிவு எங்கே போயிற்று? தண்ணீர் தாமிரபரணி மாதிரி கிடக்கிறது. அதில் ஒரு குடம் மொண்டால் ஆற்றுக்குத் தெரியுமா? செறிவு மாறாமலே இருப்பதால் அது வேகச் சமன்பாட்டின் மாறிலிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இதைத்தான் போலி முதல் வகை வினை என்கிறார்கள்.

பூஜ்ஜிய வகை வினைதான் பலருக்கும் மண்டையில் ஏறாது. செறிவு கூடினாலும் வேகம் கூடாது என்றால் எப்படி? நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் போய் நின்று பார். வரிசையில் ஐம்பது பேர் நின்றாலும் ஐந்நூறு பேர் நின்றாலும், அல்வா நிறுத்துக் கட்டும் கைகள் எத்தனையோ அந்த வேகத்தில்தான் பொட்டலம் வெளியே வரும். உள்ளே இருக்கும் கைதான் கட்டுப்பாடு, வெளியே நிற்கும் கூட்டம் இல்லை. உலோகப் பரப்பின் மேல் நடக்கும் சில வினைகளும், நொதி, அதாவது உயிர்கள் உண்டாக்கும் வினையூக்கி, கை நிறைய வேலையோடு இருக்கும்போது நடக்கும் வினைகளும் இப்படித்தான். சாராயம் குடித்தவர் உடம்பில் ஆல்கஹால் குறைவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். கல்லீரலின் நொதி தன் வேகத்துக்கு மேல் ஓடாது. ரெண்டு டம்ளர் மோர் குடித்தால் சீக்கிரம் இறங்கும் என்பதெல்லாம் சும்மா.

பல படிகளில் நடக்கும் வினையில் மிக மெதுவான படிதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்குப் போக, பக்கத்தில் புதுப் பாலம் வருவதற்கு முன் சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் ஊர்ந்த காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோட்டை எவ்வளவு அகலமாக்கினாலும் ஒரு நிமிஷம் மிச்சமாகாது. வேதியியலிலும் அதே கதை.

சரி, உன் முக்கியமான கேள்விக்கு வருவோம். சூடு.

சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடும், அதிகம் மோதும், அதனால் வினை வேகமாகும் என்று நிறைய பேர் விடைத்தாளில் எழுதுகிறார்கள். முழுத் தப்பு இல்லை, ஆனால் கணக்குப் போட்டால் நிற்காது. மூலக்கூறின் சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 25 டிகிரி செல்சியஸ் என்பது 298 கெல்வின். 35 டிகிரி என்பது 308. இரண்டுக்கும் வர்க்கமூல விகிதம் பார்த்தால் 1.017. அதாவது பத்து டிகிரி ஏறினால் மோதல் இரண்டு சதவீதம்கூடக் கூடவில்லை. வினையின் வேகமோ நூறு சதவீதம், சர்க்கரை வினையில் முந்நூறு சதவீதம் கூடுகிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது?

இந்த இடைவெளி ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாண்டே அர்ரீனியஸின் கண்ணை உறுத்தியது. டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1884-இல் போட்டுவைத்த அடித்தளத்தின் மேல் நின்று, 1889-இல் அவர் இதற்கு விடை எழுதினார். அவர் எடுத்துக்கொண்டதும் அதே சர்க்கரைத் தலைகீழாக்கம்தான். கரைசலில் உள்ள சர்க்கரை எல்லாம் ஒரே நிலையில் இல்லை, அதில் மிகச் சொற்பமான பங்கு மட்டும் ஊக்கம் பெற்ற நிலையில் இருக்கிறது, வினை அந்தச் சொற்பத்தில்தான் நடக்கிறது, சூடு ஏறும்போது அந்தச் சொற்பம்தான் மடமடவென்று பெருகுகிறது என்றார்.

எவ்வளவு சொற்பம்? கிளர்வு ஆற்றல் மோலுக்கு 53 கிலோ ஜூல் என்று வைத்துக்கொள். 25 டிகிரியில் ஏறத்தாழ 190 கோடி மோதலில் ஒன்றுதான் மேட்டைத் தாண்டும் பலத்தோடு இருக்கும். 35 டிகிரியில் ஏறத்தாழ 96 கோடியில் ஒன்று. கூட்டத்தின் சராசரியில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை, ஓரத்தில் இருக்கும் அந்தச் சிலர் மட்டும் இரட்டித்துவிட்டார்கள். பரீட்சையில் வகுப்புச் சராசரி ஒரு மார்க் ஏறினால், சென்டம் வாங்கியவர்கள் ஒன்றிலிருந்து இரண்டு ஆவது மாதிரி. வேகம் இரண்டு மடங்கு என்ற விதி பிறந்தது இங்கேதான். அறை வெப்பநிலையை ஒட்டி, கிளர்வு ஆற்றல் 53 கிலோ ஜூலை ஒட்டி இருந்தால் விடை இரண்டு. நாம் ஆய்வுக்கூடத்தில் வசதியாக அளக்கும் வினைகளில் பல அந்த அக்கம்பக்கத்தில் இருப்பதால் அது விதி மாதிரி ஊரில் நிலைத்துவிட்டது. மேடு உயரமானால் எண் கூடும். அமிலத்தில் சர்க்கரை உடைவதற்குக் கிளர்வு ஆற்றல் ஏறத்தாழ 108 கிலோ ஜூல், அதனால் அங்கே நான்கு மடங்கு.

ஒரு எச்சரிக்கை. சில புத்தகங்களில் இதே வினைக்கு 6.22 கிலோ ஜூல் என்று அச்சாகியிருக்கும். நீயே கணக்குப் போட்டுப் பார். 6 கிலோ ஜூல் மேடு என்றால் பத்து டிகிரிக்கு வேகம் எட்டு, ஒன்பது சதவீதம்தான் கூடும். அப்படியொரு சர்க்கரை உலகத்தில் இல்லை. அந்த மேட்டில் சர்க்கரைக் கரைசலை வைத்தால், இருந்த இடத்திலேயே உடைந்துபோகும். மார்க்குக்காக அந்த எண்ணை எழுத வேண்டியிருந்தால் எழுதிக்கொள், மண்டைக்குள் ஏற்றிக்கொள்ளாதே.

இந்த விதியை மீறுகிறவையும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும் சேரும் வினை, சூடு ஏற ஏற மெதுவாகும். உயிருள்ள சமாச்சாரமும் அப்படித்தான். தோசை மாவு மார்கழியில் விடிய விடிய வைத்தாலும் மந்தமாகக் கிடக்கும், சித்திரையில் மத்தியானம் அரைத்தது ராத்திரிக்கே பொங்கி ஏனத்தை விட்டு வழியும். அதுவரை பாடம் சொல்கிறபடிதான். அதற்காக மாவை 70 டிகிரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் புளிக்குமா? புளிக்காது. புளிக்க வைக்கும் உயிர்களே செத்துப்போகும். அவற்றின் நொதிகள் உருக்குலைந்துவிடும்.

நொதி என்றதும் வினையூக்கி வந்துவிட்டது. தான் தீர்ந்துபோகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள்தான் வினையூக்கி. 1835-இல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் இதற்குப் பெயர் வைத்தார். வினையூக்கி கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது என்று நாம் சுருக்கமாகச் சொல்கிறோம். கறாராகப் பார்த்தால் அது மேட்டை வெட்டிக் குறைப்பதில்லை, வேறு வழி காட்டுகிறது. தென்காசியிலிருந்து புனலூருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. அகத்தியர் மலைக்கு மேலே ஏறித்தான் இறங்குவேன் என்றால் 1,868 மீட்டர் ஏற வேண்டும். ஊரில் யாரும் அப்படிப் போவதில்லை. செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைந்து போகிறார்கள். 1904-இல் ரயிலும் அந்த வழியாகத்தான் மலையைக் கடந்தது. கணவாயைப் பயன்படுத்தியதால் அகத்தியர் மலையின் உயரம் குறைந்துவிடவில்லை. தென்காசியின் உயரமும் புனலூரின் உயரமும் மாறவில்லை. அதனால்தான் வினையூக்கி போட்டாலும் வினையின் வெப்பம் மாறாது. இன்னொன்று, கணவாய் போகிறவனுக்கு மட்டும் இல்லை, வருகிறவனுக்கும் அதே கணவாய்தான். முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே அளவு வேகம் பெறுகின்றன. சமநிலை சீக்கிரம் வரும், ஆனால் இடம் மாறாது. இந்தக் கேள்வி ஒரு மார்க்கிலாவது வரும்.

சர்க்கரைக்குக் கணவாய் காட்டுவது ஹைட்ரஜன் அயனி, அதாவது புளிப்பு. வினை முடிந்த பிறகும் அமிலம் குறையாமல் அப்படியே இருக்கும். அதைவிடச் சுலபமான கணவாய் ஒன்று உண்டு. காற்றிலும் பனம்பாளையிலும் பழைய கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் சுரக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி. அதன் வழியில் மேடு அமில வழியில் பாதிக்கும் குறைவு. ஈஸ்ட் முதலில் சுக்ரோஸை உடைக்கிறது, அப்புறம் உடைந்ததை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. என் கேன் உப்பியது அந்த வாயுவால்தான்.

இப்போது சுண்ணாம்பைப் பார். பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவித்தான் பாளையில் கட்டுகிறார். சுண்ணாம்பு காரம். பதனியின் பி.எச். மதிப்பு (புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண்) 5-இலிருந்து 8-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஹைட்ரஜன் அயனியின் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அமிலக் கணவாய் அடைபட்டது. அந்தக் காரத்தில் புளிக்கவைக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் எளிதில் பெருக முடியாது, அதனால் நொதிக் கணவாயும் அடைபட்டது. மிச்சம் இருப்பது அகத்தியர் மலை உச்சி மட்டும்தான், சர்க்கரை அங்கே ஏறாது. சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சொட்டு. சர்க்கரைக்கு உடைய வேண்டும் என்ற விருப்பம் இரண்டிலும் ஒன்றுதான். மாறியது வழி மட்டும். வேகவியல் என்றால் என்ன என்று என்னிடம் ஒரே வரியில் கேட்டால் இந்தக் கலயத்தைத்தான் காட்டுவேன்.

காய்ச்சும் இடத்துக்குப் போனால் கதை இன்னும் ருசியானது. உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் ஓலை வேய்ந்த விடிலிக்குள் பெரிய தாச்சியில் பதனி கொதிக்கும். அது பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள். கொதித்து வற்றிப் பாகாகி, சிரட்டையில் ஊற்றினால் இறுகிக் கருப்பட்டி ஆகும். ஆனால் பதனி லேசாகப் புளித்திருந்தால் அதைக் காய்ச்சுவது வீண் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு விறகு போட்டாலும் சிரட்டையில் இறுகாது, பசை மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். ஏன்?

30 டிகிரியில் கலயத்தில் இருந்தபோது அந்த லேசான புளிப்பால் சர்க்கரை மிக மெதுவாகத்தான் உடைந்துகொண்டிருந்தது. அதே புளிப்போடு அடுப்பில் ஏற்றினால் 100 டிகிரி. 108 கிலோ ஜூல் மேட்டை வைத்துக் கணக்குப் போட்டால், 30-க்கும் 100-க்கும் இடையில் வேகம் ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு கூடுகிறது. நிழலில் இரண்டு நாளில் நடக்கும் உடைப்பு தாச்சியில் ஒரு நிமிஷத்தில் நடக்கிறது. பதனி வற்ற மணிக்கணக்காகும். அதற்குள் சுக்ரோஸில் பெரும் பங்கு குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் போய்விடும். படிகம் கட்டுவது சுக்ரோஸ். உடைந்த கலவை படிகம் கட்டாது, மற்றதையும் கட்டவிடாது. பனங்கற்கண்டுக்கு விடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருப்பார்கள். பாகை வாரக்கணக்கில் அசையாமல் வைத்துத்தான் கல் விளைவிக்க வேண்டும், புளித்த பதனியில் கல்லே விழாது.

பாகின் கடைசிக் கட்டத்தில் காய்ச்சுகிறவர் கண் கொட்ட மாட்டார், யாரோடும் பேச மாட்டார். சின்ன வயதில் அதைப் பார்த்து எதற்கு இவ்வளவு விறைப்பு என்று நினைத்திருக்கிறேன். மணிக்கணக்காகக் கொதித்தபோது வராத நிறம் கடைசிச் சில நிமிஷங்களில் சட்டென்று கூடும், கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை வெப்பநிலை நூறை ஒட்டியே நிற்கும், தண்ணீரே காவல். அது போகப் போகச் செறிவு ஏறுகிறது, கொதிநிலையும் நூறைத் தாண்டி ஏறுகிறது. இரண்டு காரணிகள் சேர்ந்தால் அவை கூடுவதில்லை, பெருகுகின்றன. அடுப்பைக் குறைக்க எண்ணிக் குனிந்து நிமிர்வதற்குள் முடிந்துவிடும்.

தண்ணீரின் கொதிநிலைதான் அடுப்படியின் எல்லை என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. மாஞ்சோலை மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பானையில் சோறு வேக நேரம் எடுக்கும். குக்கரில் 120 டிகிரி வரை போவதால் பருப்பு பத்து நிமிஷத்தில் குழைகிறது.

பரப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. திண்மப் பொருளில் மேல் தோலில் இருப்பது மட்டும்தான் மோதலுக்குக் கிடைக்கும். உடைத்தால் தோல் கூடும். விடிலியில் காய்ந்த ஓலையைப் போட்டால் குப்பென்று பிடிக்கும், பனந்தூரைப் போட்டால் ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். இரண்டும் ஒரே மரம்தான். தீப்பெட்டித் தொழிலில் மருந்தைப் பொடியாக்கிக் குழைப்பதும் இதற்காகத்தான், அந்தப் பொடியைக் கையாள்வதில் இருக்கும் ஆபத்தும் இதனால்தான்.

உன் பட்டியலில் வினைபடு பொருளின் இயல்பு என்று ஒன்றும் இருந்திருக்கும், நீ எழுதவில்லை. தூத்துக்குடி உப்பு ஒரு சிட்டிகை கரைத்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், விட்ட கணத்தில் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரிந்துவிடும். அங்கே உடைக்க வேண்டிய பிணைப்பு ஒன்றும் இல்லை, அயனிகள் சந்தித்தால் போதும். சர்க்கரையில் பிணைப்பை உடைத்தாக வேண்டும், அதனால் மேடு உண்டு. தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்வதுதான் வேகத்துக்குக் கிட்டத்தட்ட எல்லை. ஒன்றையொன்று தேடி வர ஆகும் நேரம் மட்டும்தான் அங்கே தாமதம். அதை அளக்க வழி கண்டவர்களில் ஒருவரான மான்ஃபிரெட் ஐகன் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வான்ட் ஹாஃபுக்கு வேதியியலின் முதல் நோபல் 1901-இல் கிடைத்தது, அர்ரீனியஸுக்கு 1903-இல். பாவம் வில்ஹெல்மி, நோபல் பரிசு ஏற்படுவதற்கு முன்பே போய்விட்டார்.

இதையெல்லாம் படித்தால் மட்டும் போதாது, ஒரு தடவை செய்து பார். நான்கு பாட்டிலில் ஒரே அளவு சர்க்கரைத் தண்ணீர் எடுத்து, பேக்கரிக்கு வாங்கும் ஈஸ்ட் ஒரு ஸ்பூன் ஒவ்வொன்றிலும் போடு. ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று மேஜை மேல், ஒன்று கை பொறுக்கும் வெந்நீர் ஏனத்துக்குள். நான்காவதுக்கு மட்டும் ஈஸ்டைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து ஊற்று. ஒவ்வொரு பாட்டில் வாயிலும் ஒரு பலூனை மாட்டிவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பலூனின் சுற்றளவை நூலால் அளந்து எழுது. முதல் மூன்றில் அர்ரீனியஸைப் பார்ப்பாய், நான்காவதில் அவர் எங்கே நின்றுவிடுகிறார் என்று பார்ப்பாய். ஐந்தாவதாக ஒரு பாட்டிலில் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டும் பார்க்கலாம். பலூன் தீர்ந்துவிட்டது என்று மூடியை மட்டும் போட்டுத் திருகிவிடாதே. அதை நான் ஏற்கெனவே நாங்குநேரி ரோட்டில் செய்து பார்த்துவிட்டேன்.